அப்பாவுக்கு இசிஹெச்எஸ் அட்டை இருக்கிறது, தனி மெடிக்கல் பாலிசியும் வேண்டுமா?

கேள்வி இதுதான். அப்பா தரைப்படையில் ஹவில்தாராக இருந்து 2006ல் பென்ஷன் வந்தவர், வயது 61. அம்மாவுக்கு 54, சர்க்கரை உண்டு. இருவரும் குடியாத்தம் பக்கம் ஊரில் இருக்கிறார்கள், கையில் இசிஹெச்எஸ், அதாவது ஓய்வு பெற்ற படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டத்தின் அட்டை இருக்கிறது. கேட்பது மகள், பெங்களூரில் ஐடி வேலை. கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் பெற்றோரைச் சேர்த்தால் பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இடையில் ஒரு ஏஜெண்ட், "மிலிட்டரி கார்டெல்லாம் நம்பாதீங்க, தனி பாலிசி போடுங்க" என்கிறார். தம்பி 2023ல் அக்னிவீராக, அதாவது நான்கு வருடப் பணிக்கான படைவீரனாகச் சேர்ந்திருக்கிறான். அவனுக்கும் அப்பாவைப் போலவே கிடைக்குமா என்பது கூடுதல் கேள்வி.

ஏஜெண்ட் சொல்வதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கம்பெனி காப்பீட்டின் பிரீமியம் உங்களுக்குக் கடிக்காத தொகை என்றால் சேர்த்து வையுங்கள், அது கூடுதல் கைத்தாங்கல். ஆனால் பெற்றோரின் முதன்மைப் பாதுகாப்பு இசிஹெச்எஸ்தான். தம்பி விஷயம் முற்றிலும் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இசிஹெச்எஸ் என்பது காப்பீடே இல்லை. முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் என்று பெயர். 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன்னால் பென்ஷன் வந்தவர்கள் ராணுவ மருத்துவமனைக்கு, அதாவது எம்ஹெச்சுக்கு, போகலாம். ஆனால் சர்வீஸில் இருப்பவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் பார்த்த பிறகு இடமிருந்தால்தான் இவர்களுக்கு. வேலூர், திருவண்ணாமலைக் கிராமங்களிலிருந்து எம்ஹெச் என்றால் சென்னைக்குப் போக வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஊர் ஊராகப் பாலிகிளினிக் வைத்து, தனியார் மருத்துவமனைகளோடும் ஒப்பந்தம் போட்டார்கள். இன்று நாடு முழுக்க நானூற்றுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. வேலூர், திருச்சி, மதுரை, கோவை, நாகர்கோவில் எல்லாவற்றிலும் உண்டு.

காப்பீட்டுக் கம்பெனி உங்களிடம் பிரீமியம் வாங்கி, "இவ்வளவு லட்சம் வரை கொடுப்பேன்" என்று ஒப்பந்தம் போடுகிறது. இசிஹெச்எஸ்ஸில் அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. ஆஞ்சியோ ஆனாலும் சரி, வாரம் மூன்று டயாலிசிஸ் ஆனாலும் சரி, புற்றுநோய்க்கு வருடக்கணக்கில் மருந்து ஆனாலும் சரி, "உங்கள் தொகை முடிந்துவிட்டது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாதுகாப்புத் துறை பட்ஜெட்டிலிருந்து அரசே மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கிறது. உறுப்பினர் கட்டுவது ஒரே ஒரு முறை. 2017 கடைசியில் திருத்திய கணக்குப்படி, ரெக்ரூட் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜேசிஓக்களுக்கு, அதாவது சுபேதார் போன்ற இடைநிலைப் பதவிகளுக்கு, 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996க்கு முன் பென்ஷன் வந்தவர்களும் போரில் இறந்தவர்களின் மனைவிகளும் எதுவும் கட்ட வேண்டாம்.

இந்த 30,000 எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்பார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ்ஸில் அடித்தட்டில் இருப்பவரின் மாதச் சந்தா 250 ரூபாய். ஓய்வு பெற்றவர் பத்து வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஆயுள் முழுக்க அட்டை. 250ஐ 120 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள், அதே 30,000. படைவீரர் திட்டத்தை அந்த அச்சில்தான் வார்த்தார்கள். சிகிச்சைக் கட்டணமும் சிஜிஹெச்எஸ் கட்டணம்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் சிக்கல் இதிலிருந்துதான் வருகிறது.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வெளியே ஒரு பாலிசி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் கிடையாது. சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் அதற்கும் அதையொட்டி வரும் சிகிச்சைகளுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024ல் இதை அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்தது, முன்பு 48 இருந்தது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் தனியாக இரண்டு வருடம். அப்புறம் அறை வாடகை. 5 லட்சம் பாலிசியில் ஒரு நாள் வாடகை ஒரு சதவீதம், அதாவது 5000 என்று எழுதியிருந்து, நீங்கள் 8000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் மட்டும் 3000 வெட்டுவார்கள் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றையும் எட்டுக்கு ஐந்து என்ற கணக்கில் குறைப்பார்கள். நான்கு லட்சம் பில்லில் ஒன்றரை லட்சம் வரை உங்கள் கையிலிருந்து போகலாம்.

இசிஹெச்எஸ்ஸில் காத்திருப்புக் காலமும் இல்லை, பழைய நோய் என்ற பேச்சும் இல்லை. வயது ஏற ஏறக் கட்டணம் ஏறுவதும் இல்லை. அறுபதைத் தாண்டிய தம்பதிக்குத் தனியாரில் உருப்படியான தொகைக்குப் பாலிசி எடுத்தால் ஒரு வருடப் பிரீமியமே அந்த 30,000த்தைத் தாண்டிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் இந்த வித்தியாசத்தை அது ஈடுகட்டாது. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களில், 2003க்கு முன்னால் பென்ஷன் வந்த சில பெரியவர்கள் இன்னும் அட்டை எடுக்காமல் மாதம் 1000 ரூபாய் மருத்துவப்படி வாங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த ஆயிரத்துக்காக இதை விடுவது எனக்குப் புரியவே புரியாத கணக்கு. உங்கள் உறவில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அட்டை எடுத்தால் அந்தப் படி நின்றுவிடும், அவ்வளவுதான்.

இவ்வளவு நல்ல திட்டம் என்றால் ஏஜெண்ட் ஏன் நம்பாதீங்க என்கிறார்? அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

முதலாவது, நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போக முடியாது. பாலிகிளினிக் போய், டோக்கன் வாங்கி, அங்கே டாக்டர் பார்த்து ரெஃபரல் போட வேண்டும். ரெஃபரலும் இசிஹெச்எஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கும் மருத்துவமனைக்குத்தான், குறிப்பிட்ட சிகிச்சைப் பிரிவுக்குத்தான். ஒரு மருத்துவமனை இதயத்துக்குப் பட்டியலில் இருக்கும், எலும்புக்கு இருக்காது. பாலிகிளினிக் டாக்டர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஒருவர் போய் அடுத்தவர் வரும் வரை கூட்டம் பிதுங்கும். மருந்து முழுசாகக் கிடைக்காத நாட்களும் உண்டு. அப்போது ஒப்பந்தக் கடையில் வாங்கித் தருவார்கள், அல்லது மறுபடி வரச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் பஸ் ஏறி வேலூர் போய் வரிசையில் நிற்பது உங்கள் அம்மாவுக்கு அலுப்புத்தான். ஆனால் வெளியே எடுக்கும் சாதாரண பாலிசி அந்த மாத்திரைக்குக் காசே தராது, அது படுக்கையில் சேர்ந்தால்தான் வாயைத் திறக்கும். வெளிநோயாளியாக மருந்து வாங்கும் செலவு வருடம் முழுக்க ஓடுவது. அதை முழுசாக ஏற்பது இந்தத் திட்டத்தின் பெரிய பலம். ஒப்பிடும்போது யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது, பணம். அரசு தரும் சிஜிஹெச்எஸ் கட்டணம், தனியார் மருத்துவமனை வெளி நோயாளியிடம் வாங்குவதை விடக் குறைவு. 2025 அக்டோபரில் சிஜிஹெச்எஸ் கட்டணங்களைப் பெரிய அளவில் திருத்தினார்கள். அதற்கு முன் பல வருடம் பழைய விலையிலேயே ஓடியது. அந்தக் குறைந்த கட்டணமும் நேரத்துக்கு வருவதில்லை என்பது மருத்துவமனைகளின் புலம்பல். பில் சரிபார்க்கும் நிறுவனம், அப்புறம் இசிஹெச்எஸ் ரீஜனல் சென்டர், அப்புறம் நிதி ஒதுக்கீடு என்று மாதங்கள் ஓடும். நிலுவை ஏறும்போது சில இடங்களில் "இசிஹெச்எஸ் பெட் காலி இல்லை" என்ற பதில் வரும். பெட் இருக்கும், இசிஹெச்எஸ் பெட் மட்டும் இருக்காது! இதற்காகத் திட்டத்தைத் திட்டுவதா மருத்துவமனையைத் திட்டுவதா என்றால், என் கருத்தில் நேரத்துக்குப் பணம் தராத அரசைத்தான் திட்ட வேண்டும். எந்த மருத்துவமனையும் காலத்துக்கும் கடனுக்கு வைத்தியம் பார்க்காது.

மூன்றாவது, வார்டு. ஹவில்தார் வரை பொது வார்டு, ஜேசிஓவுக்கு இருவர் பகிரும் அறை, அதிகாரிக்குத் தனி அறை. நோய்க்கும் தோளில் இருந்த பட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் இல்லை. சிவிலியன் பாலிசியில் பணம் கட்டினால் யாரும் தனி அறையில் படுக்கலாம். உங்கள் கம்பெனி காப்பீடு உண்மையில் உதவும் இடம் இது ஒன்று.

அவசரத்துக்கு என்ன விதி என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து என்றால் ரெஃபரலுக்காகக் காத்திருக்க வேண்டாம். பட்டியலில் உள்ள மருத்துவமனையில் நேராகச் சேர்க்கலாம், பணம் கட்டாமலேயே. சேர்த்த 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். மருத்துவமனையே கணினி வழியாக அனுப்பும் என்றாலும், அனுப்பியாயிற்றா என்று நீங்களும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பட்டியலில் இல்லாத மருத்துவமனைதான் பக்கத்தில் இருக்கிறது என்றால் அங்கேயும் சேர்க்கலாம். ஆனால் முதலில் நீங்கள் பணம் கட்டி, 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லி, பிறகு பில் போட்டு வாங்க வேண்டும். வருவதும் சிஜிஹெச்எஸ் கணக்குப்படிதான். உதாரணத்துக்கு, பில் மூன்று லட்சம் ஆகி, அரசுக் கணக்குப்படி அந்தச் சிகிச்சை ஒன்றரை லட்சம் என்றால் மீதி உங்களுடையது. அந்த ஒன்றரையும் உடனே வராது. எனவே ஏஜெண்டுக்குக் கட்ட நினைத்த பிரீமியத்தை வருடா வருடம் ஒரு வங்கி டெபாசிட்டில் போட்டு, இரண்டு லட்சம் சேரும் வரை தொடாமல் வையுங்கள். இசிஹெச்எஸ் உள்ள குடும்பத்துக்கு இன்னொரு பாலிசியை விட அது உபயோகம்.

கம்பெனி குரூப் காப்பீட்டில் ஒரு நல்ல அம்சம், பழைய நோய்க்குக் காத்திருப்பு பெரும்பாலும் இருக்காது, முதல் நாளே அம்மாவின் சர்க்கரையும் சேரும். கெட்ட அம்சம், வேலை மாறினாலோ போனாலோ அன்றே போய்விடும். இசிஹெச்எஸ் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வரும்போதும், தனி அறை வேண்டும் என்று நினைக்கும்போதும் கம்பெனி அட்டையைக் காட்டுங்கள். ஒரே செலவை இரண்டு இடத்திலும் முழுசாக வாங்க முடியாது. எனவே சேரும்போதே எந்த அட்டை என்று முடிவு செய்துவிடுங்கள். நீண்ட காலம் இழுக்கும் நோய் என்றால் யோசிக்காமல் இசிஹெச்எஸ் பக்கம் போங்கள். 5 லட்சம் எந்த வேகத்தில் கரையும் என்பது புற்றுநோய் பார்த்த குடும்பங்களுக்குத் தெரியும்.

அரசின் பொதுத் திட்டங்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். குறைந்தபட்சப் பென்ஷனே மாதம் 9000, அகவிலைப்படியைச் சேர்த்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடும், எனவே பென்ஷன் வாங்கும் படைவீரர் குடும்பம் உள்ளே வராது. 2024 அக்டோபர் முதல் எழுபது வயதான எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் அட்டை தருகிறார்கள். அப்பாவுக்கு அந்த வயது வரும்போது யாராவது முகாம் போட்டு "இலவசம், கைரேகை வையுங்க" என்பார்கள். இசிஹெச்எஸ் இருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வரம்பே இல்லாததை விட்டுவிட்டு வருடம் 5 லட்சத்துக்கு மாற வேண்டிய அவசியமில்லை.

நம் பக்கத்துக் குடும்பங்களை நிஜமாகவே அலைய வைப்பது இவை எதுவும் இல்லை, பெயர். ராணுவத்தில் சேரும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், அப்பா பெயர் முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளும். படைவீரர் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் வடநாட்டு எழுத்தர் ஒரு மாதிரி எழுத்துக்கூட்டி அடிப்பார். ஆதாரில் வேறு மாதிரி இருக்கும், பான் கார்டில் மூன்றாவது மாதிரி. மனைவியின் பெயர், குடும்ப விவரங்களைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டரில் ஏறி, அங்கிருந்து பென்ஷன் ஆணையான பிபிஓவுக்கு வந்திருக்க வேண்டும். பிபிஓவில் இல்லாத மனைவிக்கு அட்டையிலும் சிக்கல், நாளை குடும்பப் பென்ஷனிலும் சிக்கல். அப்பா காலமாகிவிட்டால் அம்மாவுக்கு இசிஹெச்எஸ் தொடரும், ஆனால் குடும்பப் பென்ஷன் வாங்குபவர் என்ற முறையில்தான். துக்கத்தோடு ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதை விட, அப்பா நல்லபடியாக இருக்கும்போதே அவர் கையெழுத்தில் திருத்தம் போடுவது எவ்வளவோ சுலபம். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, இருவரின் ஆதார் இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், பிறந்த தேதியையும் சேர்த்து. வித்தியாசம் இருந்தால் வேலூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். பென்ஷன் ஸ்பார்ஷ் என்ற இணையதள முறைக்கு மாறியிருந்தால் அதிலும் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

உங்களுக்கு இசிஹெச்எஸ்ஸில் இடமில்லை. மகன் என்றால் 25 வயது, வேலை, கல்யாணம் இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை, மகள் என்றால் கல்யாணம் அல்லது வேலை வரும் வரை. 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் வயது வரம்பில்லை. அப்பாவைப் பெற்றவர்கள் அவரை நம்பி இருந்தால், அவர்கள் வருமானம் மாதம் 9000 மற்றும் அகவிலைப்படிக்குள் இருந்தால் சேர்க்கலாம்.

தம்பிக்கு வருவோம். சர்வீஸில் இருக்கும் வரை அவனுக்கு எம்ஹெச்சில் எல்லாம் இலவசம். வழக்கமான மருத்துவப் பரிசோதனை நடக்கும், ஷேப் ஒன் என்ற தகுதியில் இருக்கிறானா என்று பார்ப்பார்கள். ஆனால் நான்கு வருடம் முடிந்து வெளியே வந்தால் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. எனவே இசிஹெச்எஸ்ஸும் இல்லை, ராணுவக் கேன்டீனும் இல்லை. கையில் வருவது சேவா நிதி என்ற ஒரே முறைத் தொகை, வட்டியோடு ஏறக்குறைய 11.71 லட்சம். ஒவ்வொரு பேட்சிலும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள். அப்படி எடுக்கப்பட்டு மேலும் குறைந்தது 15 வருடம் இருந்து பென்ஷன் வந்தால்தான் அப்பாவின் அட்டை மாதிரி ஒன்று அவனுக்குக் கிடைக்கும்.

காயம் விஷயத்திலும் வித்தியாசம் பெரியது. அப்பா காலத்துச் சிப்பாய்க்குப் பணியால் வந்த ஊனம் என்றால் ஆயுள் முழுக்க ஊனப் பென்ஷன். சேரும்போது இல்லாத நோய் பின்னால் வந்தால் அது பணியால் வந்தது என்றே கருத வேண்டும் என்று 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தச் சிப்பாய்களுக்குப் பெரிய துணை. அக்னிவீருக்கு ஊனத்தின் அளவைப் பொறுத்து 44, 25 அல்லது 15 லட்சம் ஒரே முறை கிடைக்கும், மாதாமாதம் எதுவும் இல்லை. அதனால் சின்னக் காயம் என்றாலும் எம்ஹெச்சில் காட்டிப் பதிவாக்கச் சொல்லுங்கள். பயிற்சியில் முழங்கால் பிசகியதை "சரியாயிடும்" என்று மறைத்துவிட்டு வெளியே வரும் பையன்கள் நிறைய. வெளியே வந்த பிறகு அது வெறும் பழைய நோய்.

தனி பாலிசி எடுக்க வேண்டியவர் உங்கள் வீட்டில் அவன்தான். அவன் வெளியே வருவது 2027ல். அதுவரை காத்திருக்காமல், சர்வீஸில் இருக்கும்போதே அவன் பெயரில் ஒரு சாதாரண பாலிசி போடச் சொல்லுங்கள். அந்த வயதில் பிரீமியம் குறைவு. காத்திருப்புக் காலமும் எம்ஹெச் பார்த்துக்கொள்ளும் மாதங்களிலேயே ஓட ஆரம்பித்துவிடும், வெளியே வரும்போது அதில் ஒரு பகுதி கழிந்திருக்கும். விண்ணப்பத்தில் வேலை என்ன என்பதையும், ஏற்கெனவே ஏதாவது காயம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தது தெரிந்தால் முதல் 60 மாதத்துக்குள் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம்.